எலும்பு வார்டின் தண்ணீர் ஜக்குகள்

பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்கும் நிலையில் நாம் இல்லை என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். என் இடுப்பு பரவாயில்லை. கைத்தடி வைத்துக்கொண்டு குளியலறைவரை போய் வருகிறேன். மற்ற எதுவும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

நீ போனை எடுப்பதில்லை. உன் மகன் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க மாமா" என்கிறான். ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் குளிப்பாள்? அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது அல்லவா? போகலாம்தான். ஆனால் மேஜைமேல் கிடந்து உறுத்தும்.

ஆமாம், புகார் எழுதியது நான்தான். உன் மருத்துவமனைக்கு ஒன்று, சுகாதாரத் துறைக்கு ஒன்று. மொட்டைக் கடிதம் இல்லை. பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நின்று கல்லெறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

அதில் உன்னைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. உன் எலும்பு வார்டுக் கட்டிலில் படுத்தபடி பார்த்ததை எழுதினேன். சாயங்கால டீ முடிந்ததும் உங்கள் சாவியக்கா, அதுதான் இடுப்பில் கொத்துச் சாவியோடு நடக்கிற அந்த ஆயா, தள்ளுவண்டியோடு வருவாள். கட்டில் கட்டிலாகத் தண்ணீர் ஜக்கை எடுப்பாள். எல்லாவற்றையும் கோடியில் ஜன்னல் திட்டில் அடுக்கி வைப்பாள். காலையில்தான் திரும்பி வரும். இரவில் தண்ணீர் குடிக்காதவனுக்குப் பெட்பேன் வைக்க வேண்டாம், அவன் படுக்கையை நனைக்கவும் மாட்டான். இதுதான் உங்கள் ஏற்பாடு.

பக்கத்துக் கட்டில் தையல்காரரை உனக்கு நன்றாகத் தெரியும். தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். புரளக்கூட முடியாது. வண்டிச் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக முகத் துண்டின் முனையை ஜக்கில் முக்கித் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்வார். விளக்கு அணைந்த பிறகு அதை எடுத்துச் சப்புவார்.

"என்னங்க பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். வாய் காயுது, அவ்வளவுதான்."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மருத்துவமனை என்றால் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு ஒரு நாள் வெறும் காற்றில் ஊசி கோக்க ஆரம்பித்தார். "நூல் அறுந்து போச்சு, நூல் அறுந்து போச்சு" என்றார். "வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரை எங்கோ தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் இருக்கிறாரா, இல்லையா? வார்டுக்குப் போன் செய்தால், "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்கிறார்கள். பக்கத்துக் கட்டில் என்று ஒரு உறவு உங்கள் புத்தகத்தில் இல்லையாம்.

உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. தெரிந்துகொள்.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

போனை எடுத்தால் நீங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டீர்கள். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதே எனக்குப் பெரிய சுகமாக இருக்கிறது. இனி எழுதியே சண்டை போடுவோம்.

தையல்காரர் உயிரோடு இருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். சிறுநீரில் தொற்று ஏறி, சிறுநீரகம் தளர்ந்துபோய்விட்டது. மகள் வந்து நின்றால் அடையாளம் தெரியவில்லை. என் வார்டில் நடந்தது எனக்கு வலிக்காது என்று நினைத்துவிட்டீர்களா?

நாற்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிற்றில் தொங்கி வேலை பார்த்த மனிதர், வீட்டில் பல்பு மாட்ட நாற்காலியில் ஏறி விழுந்தார். அவரை எங்கே கொண்டுவந்தார்கள்? என்னிடம். உங்களுக்கு உடம்பு துடைத்துவிட ஆயாவை விடவில்லை, நானே செய்தேன். டியூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறது என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ஊசி வந்தது. அப்புறம் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர். சாவியக்கா அதை ஒரு நாளும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே குடித்தீர்கள். உங்கள் புகாரை நான் படித்தேன், அண்ணா. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதில் அந்தப் பாட்டில் மட்டும் இல்லை.

ஜக்கை எடுக்கச் சொன்னது நான்தான். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரவில் முப்பது கட்டிலுக்கு ஒரு ஆயா, ஒரு நர்ஸ். ஒருவருக்கு ஊசி போடும்போது இன்னொருவர் நனைந்து கிடப்பார். காலைவரை ஈரத்திலேயே கிடந்தால் முதுகுத் தோல் உரியும். உங்களுக்கு முன்பு ஒரு டிரைவர் அதே மூலைக் கட்டிலில் இருந்தார். இடுப்பு எலும்பு கூடிவிட்டது. படுக்கைப் புண் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்தவள் நான். அந்த வாசனை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. இன்னொரு ஆயா கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. "இருக்கிறத வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சிஸ்டர்" என்றார் நிர்வாக அதிகாரி. நான் அட்ஜஸ்ட் செய்தேன். அதன் பிறகு என் வார்டில் ஒருவருக்கும் படுக்கைப் புண் வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பாராட்டுப் பத்திரம் மாட்டிவைத்திருக்கிறார்கள், நீங்கள் படுத்திருந்த இடத்துக்கு எதிரிலேயே.

நான் எதையோ காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அதுதான் கொடுமை.

நீங்கள் எழுதியதில் முதலில் அடி வாங்கப்போவது யார் என்று யோசித்தீர்களா? நிர்வாக அதிகாரி இல்லை. நான்கூட இல்லை. சாவியக்கா. ஒப்பந்த வேலை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேற்று மருந்து அறையில் நின்று அழுதாள். "நீங்க சொன்னதத்தானே சிஸ்டர் செஞ்சேன்?" என்கிறாள்.

எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் உங்கள் கட்டில் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

தங்கை


பிப்ரவரி 26

தங்கச்சிக்கு,

கேட்டேன்.

உனக்கு மறந்திருக்கலாம். நீ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏம்மா, பக்கத்துல அந்தாளு தண்ணி இல்லாம தவிக்கிறாரு. ஒரு டம்ளர் குடுத்தா என்ன?" என்றேன். நீ கையிலிருந்த பட்டையைக் கழற்றிச் சுருட்டியபடி என்ன சொன்னாய் தெரியுமா?

"அண்ணா, இங்க நீங்க பேஷண்ட். பேஷண்டா இருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பக்கத்தில் நின்ற பயிற்சி நர்ஸ்களும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். அவர் சிரித்ததை என்னால் மறக்க முடியவில்லை. மறுபடி வாயைத் திறந்தால் தொல்லை பிடித்தவன் என்று எழுதிவிடுவார்கள் என்று தெரிந்து சிரித்த சிரிப்பு அது. நானும் பேஷண்டாகவே இருந்தேன். பேஷண்டுக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லையே.

இனி பாட்டில் விஷயம். குடித்தேன். அவருக்கும் ஊற்றினேன், தெரியுமா? கை எட்டும்வரை எட்டி. பாதி கட்டிலில் சிந்தும். சிந்திய ஈரத்துக்கு மறுநாள் சாவியக்காவிடம் அவர்தான் ஏச்சு வாங்கினார். இதையெல்லாம் புகாரில் எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் தங்கை சலுகை காட்டினாள் என்று உன் தலையில் இன்னொன்று ஏறும். உன்னைக் காப்பாற்ற விட்டதை நீ என் மேலேயே திருப்புகிறாய். இருக்கட்டும். விசாரணையில் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிப் படித்ததுதான் என் சட்டம். அதில் ஒன்று நன்றாகப் புரிந்தது. எழுதாதது நடக்காதது. மார்க்கெட் பக்கத்துக் கட்டடத்தில் பிரேக் தேய்ந்த லிஃப்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? முதலாளி கத்தினார். அவர் வீட்டம்மா மூச்சு வாங்க மாடி ஏறினாள். ஒப்பந்தம் போயிற்று. யாரும் சாகவில்லை. நான் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல்.

நீ எழுதியதில் ஒன்றைக் கவனித்தேன். நான் எழுதியது பொய் என்று நீ எங்கும் சொல்லவில்லை. நேரம் தப்பு, வழி தப்பு, ஆள் தப்பு என்கிறாய்.

சாவியக்கா விஷயம் மட்டும் என் மனதை அரிக்கிறது. அவளுக்கு இதில் பொறுப்பு இல்லை என்று இன்னொரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் கேட்காமல்தான் அனுப்பினேன். அதற்கும் கோபித்துக்கொள்.

அண்ணன்

உன் அண்ணி ஒரு வரி எழுதச் சொல்கிறாள்: "அவரு ஒரே பக்கம் படுத்துத் தூங்கறாரு. அது இடுப்புக்கு நல்லதா?" என்னிடம் கேட்காமல் உன்னிடம் கேட்கிறாள். இந்த வீட்டில் எனக்குள்ள மரியாதை இதுதான்.


மார்ச் 8

அண்ணா,

ஒரே பக்கம் படுக்கக் கூடாது. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

லிஃப்டைப் பூட்டினால் மனிதர்கள் படியேறிப் போவார்கள். வார்டைப் பூட்டினால் எங்கே போவார்கள்? அதை மட்டும் நீங்கள் யோசிப்பதே இல்லை. சரி, நான் சொல்ல வந்தது வேறு.

நிர்வாக அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எனக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். டீ வந்ததுமே பயந்துபோனேன்.

"உங்க அண்ணன்தானே சிஸ்டர்? அவருக்கு ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி கொஞ்சம் குழப்பமா இருந்துச்சாமே?" என்றார்.

உண்மை, அண்ணா. உங்களுக்கு இது தெரியாது, யாரும் சொல்லவில்லை. மயக்க மருந்து தெளிகிற அன்று இரவு முழுவதும், வார்டு இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, கதவைத் திற, ஆட்களை இறக்கு என்று கத்தினீர்கள். வயதானவர்களுக்குச் சகஜம். மறுநாள் தெளிந்துவிட்டீர்கள். டியூட்டி நர்ஸ் அதைக் குறித்து வைத்திருக்கிறாள். குறிப்பதுதான் அவள் வேலை.

"வேற ஒண்ணும் வேணாம்" என்றார் அதிகாரி. "அண்ணனுக்கு அந்த நாட்கள்ல சுயநினைவு தெளிவா இல்லன்னு வார்டு இன்சார்ஜா நீங்க ஒரு வாக்குமூலம் குடுங்க. கூடப் பிறந்தவங்களே சொன்னா யாரு மறுக்கப் போறாங்க? விஷயம் முடிஞ்சுரும். உங்க வேலைக்கும் ஒண்ணுமில்ல, அந்த ஆயாம்மா வேலைக்கும் ஒண்ணுமில்ல."

கடைசியில், "இது நம்மளுக்குள்ளயே இருக்கட்டும். அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்" என்றார்.

சொல்கிறேன். அவர் சொல்ல வேண்டாம் என்றதாலேயே சொல்கிறேன்.

விசாரணை மாதக் கடைசியில். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சாவியக்கா பிழைப்பாள். அந்த வரியில் முக்கால்வாசி உண்மையும் இருக்கிறது. உங்களிடம் யோசனை கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

தங்கை


மார்ச் 13

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு, "நான் அப்படியா உளறினேன்?" என்று கேட்டேன்.

"உளறுனீங்களா? வார்டே எழுந்து உக்காந்துருச்சு" என்றாள். "என்னப் பாத்து, நீ யாரும்மா, மொதல்ல நீ எறங்குன்னு சொன்னீங்க. எங்கிட்டு எறங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு மாதமாகச் சிரிக்காதவள் என் மூளை கலங்கிய கதையைச் சொல்லித்தான் சிரித்தாள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. என் சொத்து என்று இருப்பது இந்தத் தலை ஒன்றுதான். அது ஓர் இரவு என்னிடம் இல்லை என்றால், மற்ற நாட்களில் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? தையல்காரரின் துண்டை நான் நிஜமாகவே பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்து யோசித்தேன். அந்தத் துண்டின் ஓரத்தை அவரே ஊதா நூலால் தைத்திருந்தார். மெஷின் தையல் இல்லை, கைத்தையல். இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்குத் தையலைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்தான் காட்டினார். பார்த்தேன்.

நான் புகாரைத் திரும்பப் பெற மாட்டேன். நீ அந்த வரியை எழுதிக் கொடுத்தாலும் விசாரணை அறைக்குக் கைத்தடியோடு வந்து நின்று பார்த்ததைச் சொல்வேன். பைத்தியக்காரன் என்று உன் கையெழுத்தில் எழுதியிருந்தாலும் சொல்வேன். அதற்காக நீ என் தங்கை இல்லை என்று ஆகிவிடாது. நம் அம்மா வயிற்றில் பிறந்ததை எந்தக் குழுவும் ரத்து செய்ய முடியாது.

ஆனால் ஒன்று. உளறினேன் என்பதை எழுது. அது நடந்தது. ஒரு இரவு என்று எழுது. எனக்கு அவமானம்தான், இருந்தாலும் எழுது. அதற்குக் கீழே மற்றதையும் எழுது. முக்கால் உண்மையோடு நிறுத்திவிடாதே.

லிஃப்டையும் வார்டையும் பற்றி நீ எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பதில் இல்லை என்று சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டுக்கொள்.

இன்னும் ஒரு கேள்வி. ஆயா கேட்டாய், கொடுக்கவில்லை. அப்படியானால் தண்ணீரை நிறுத்தியது நீ மட்டும்தானா? ஆயா தர முடியாது என்று சொன்ன ஆள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சுமையை நீ ஏன் தூக்கிக்கொண்டு நடக்கிறாய்?

தையல்காரர் எப்படி இருக்கிறார் என்று எழுது.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

நீங்கள் சாட்சி சொல்லிவிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நடைவழியில் நாம் எதிரெதிரே கடந்தபோது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச வந்தது மறந்துபோயிருக்கும்.

குழுவில் மூன்று பேர். நடுவில் ஒரு மூத்த டாக்டரம்மா. பக்கத்து நாற்காலியில் நிர்வாக அதிகாரி, முகத்தில் அதே டீ புன்னகை. என் வாக்குமூலத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா.

"படிச்சேன் மேடம். இதுல ஒரு ராத்திரிதான் இருக்கு. மிச்ச ராத்திரியெல்லாம் காணோம்" என்றேன்.

அதற்குமேல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு ராத்திரி அண்ணன் உளறினார், அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நடந்தது, ஜக்கை எடுக்கச் சொன்னது நான், அதில் ஆயா மேல் தப்பு இல்லை என்றேன். அந்த டிரைவரைப் பற்றிச் சொன்னேன். எத்தனை முறை ஆள் கேட்டேன், யாரிடம் கேட்டேன், என்ன பதில் வந்தது என்று சொன்னேன். அண்ணனுக்கு மட்டும் பாட்டில் வைத்ததையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அதாவது, தண்ணி குடுக்காதது தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் அண்ணனுக்குக் குடுத்திருக்கீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நான் என்னிடமே சொல்லிப் பார்த்ததில்லை. "ஆமா மேடம்" என்றேன்.

சாவியக்காவைக் கூப்பிட்டபோது அவள் பயந்துபோய் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டாள், ஏதோ சிறைக்குப் போகிறவள் மாதிரி. "எடுத்துக்கங்கம்மா, மருந்தறையை யாரு தொறக்கிறது?" என்று டாக்டரம்மா திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "சிஸ்டர், என்னையக் காப்பாத்துனீங்களா, இல்ல நீங்களும் சேந்து மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன்.

முடிவு பிறகு தெரியும். நான் நேராக வார்டுக்குப் போனேன். சாயங்கால டீ முடிந்திருந்தது. வண்டியைத் தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. படுக்கைகள் நனைந்தன, அண்ணா. நானும் சாவியக்காவும் மாற்றி மாற்றி இடுப்பு ஒடிந்துபோனோம். சலவைக்காரர் காலையில் மூட்டையைப் பார்த்து, "என்ன சிஸ்டர், வெள்ளம் வந்துச்சா?" என்றார். ஆனால் எல்லாக் கட்டிலிலும் ஜக் இருந்தது.

தையல்காரருக்கு நினைவு தெளிந்து, திரும்ப வார்டுக்கு வந்துவிட்டார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. அவர் மட்டும் உங்களைக் கேட்டார். "லிஃப்ட்டுக்காரரு எங்க? நல்லாருக்காரா?" என்றார்.

நான் செய்ததை நீங்கள் சரி என்று சொல்ல வேண்டாம். சொன்னால் மறுபடி கோபம் வரும்.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

சரி என்று சொல்லவில்லை.

தையல்காரர் விசாரித்தார் என்பதை நான்கு முறை படித்தேன். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். இன்று தட்டு சத்தமில்லாமல் வந்தது.

முடிவு வந்ததும் எழுது. உன்னை வேலையைவிட்டு எடுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். இதை மிரட்டலாகவே எடுத்துக்கொள். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

அண்ணன்


மே 15

அண்ணா,

முடிவு வந்துவிட்டது. எடுக்கவில்லை. இன்சார்ஜ் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நான் ஊசி போடக் கற்றுக்கொடுத்த ஒருத்தி இப்போது என் மேலதிகாரி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டு, "அக்கா... சிஸ்டர்... அக்கா" என்று தடுமாறுகிறாள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. எனக்கு முதல் வாரம் கசந்தது. கசக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாவியக்காவுக்கு வேலை போகவில்லை. இரவில் எலும்பு வார்டுக்கு இன்னும் இரண்டு ஆயாக்கள் வந்திருக்கிறார்கள். பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. நிர்வாக அதிகாரிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதத்தோடு சரி. உங்களுக்கு இது போதாது என்று தெரியும். எனக்கும் போதாது.

சாப்பாட்டு அறையில் என் மேஜையில் சில பேர் உட்காருவதில்லை. குடும்பச் சண்டையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று காது படப் பேசுகிறார்கள். நேற்று கை கழுவுகிற இடத்தில் பெண்கள் வார்டு சிஸ்டர் வந்து நின்றாள். என்னோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராதவள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னாள்.

"எங்க வார்டுலயும் எடுக்கிறோம்."

"என்னது?"

"ஜக்கு. உங்க வார்டு பேரு வாங்குனதப் பாத்துத்தான் நாங்களும் ஆரம்பிச்சோம்."

நான் ஒரு வார்டில் செய்தது எங்கெங்கோ போயிருக்கிறது. "என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். "யாரு எழுதறது?" என்றாள். நாம் என்றேன்.

நீங்கள் எழுதித் தருகிறேன் என்று கிளம்ப வேண்டாம். நீங்கள் எழுதினால் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும். நாங்களே எழுதிவிட்டோம். இரண்டு கையெழுத்து. மறைக்காமல் நிர்வாகத்துக்கே முதல் பிரதி. பதிலுக்கு ஒரு மாதம் பொறுப்போம், இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போகும். எங்கள் வார்டுகளில் அந்த ஒரு மாதத்துக்கும் காத்திருக்கவில்லை, ஜக்குகள் கட்டிலோடுதான் இருக்கின்றன. நகல் இத்துடன் இருக்கிறது.

தங்கை


மே 24

தங்கச்சிக்கு,

நகலைப் படித்தேன். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இல்லை. மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம் ரொம்ப நீளம். நான் என்றால் இரண்டாக வெட்டியிருப்பேன். வெட்டவில்லை. அது நீ மூச்சுவிடாமல் பேசுவது போலவே இருக்கிறது, இருக்கட்டும்.

அதிகாரி அதே நாற்காலியில் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. அதைப் பற்றி எழுத என் கை ஊறுகிறது. ஒரு மாதம் என்று நீங்கள் சொல்லியிருப்பதால் ஒரு மாதம் ஊறட்டும்.

அடுத்த வியாழக்கிழமை எனக்கு இடுப்பு எக்ஸ்ரே. வேறு மருத்துவமனையில் எடுக்கலாம் என்கிறாள் உன் அண்ணி. "அங்க போனா ஊசிய வளைச்சுக் குத்துவாங்க" என்கிறாள். நான் அங்கேதான் வருவேன். புகார் கொடுத்தவன் பயந்து வேறு வாசலுக்குப் போனால், நாளைக்கு இன்னொருவன் வாயைத் திறக்க மாட்டான்.

ஆனால் வாசலிலிருந்து எக்ஸ்ரே அறைவரை அந்த நடைவழி நீளமானது. எல்லாரும் பார்ப்பார்கள். என்னோடு சேர்ந்து உன்னையும் பார்ப்பார்கள். மேஜையில் உட்காராதவர்களும் பார்ப்பார்கள். இந்த முறை முன்கூட்டியே கேட்கிறேன். வேண்டாம் என்றால் தனியாக நடந்துகொள்வேன், கைத்தடி இருக்கிறது. நீ என் பக்கத்தில் வருவாயா?

அண்ணன்


மே 28

அண்ணா,

எத்தனை மணிக்கு என்று எழுதவில்லையே. எத்தனை மணியானாலும் எனக்கு டியூட்டி நேரம்தான். யூனிஃபார்மோடுதான் வருவேன்.

தங்கை